ஒட்டுக்கேட்பது யார் ஆட்சியில்?

கேள்வி: அமெரிக்காவில் அரசு மக்களைக் கண்காணிப்பதை ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சியினர் கடுமையாக எதிர்த்தார்கள், அண்மைக் காலமாகக் குடியரசுக் கட்சியினரே உரக்கக் குரல் கொடுக்கிறார்கள். யாருடைய எதிர்ப்பை நம்புவது?

பதில்: கட்சியை வைத்துப் பார்த்தால் இருவரையுமே நம்புவதற்கில்லை. தேசியப் பாதுகாப்பு முகமையின் கண்காணிப்பை ஏற்கலாமா என்று 2006 ஜனவரியில், புஷ் ஆட்சியில், கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் 75 விழுக்காட்டினரும் ஜனநாயகக் கட்சியினரில் 37 விழுக்காட்டினரும் ஏற்கலாம் என்றார்கள். கேள்வியின் வாசகம் சற்றே மாறியிருந்தாலும், ஒபாமா ஆட்சியில் 2013 ஜூனில் அந்த எண்கள் முறையே 52, 64 என்று இடம் மாறிவிட்டன. ஒபாமாவே 2008இல், கண்காணிப்புக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களுக்கு வழக்குகளிலிருந்து விலக்களித்த சட்டத்தைத் தடுப்பேன் என்று சொல்லியிருந்தும், கடைசியில் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்.

குடியரசுக் கட்சியினரின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016இல் டிரம்ப்பின் பிரசாரக் குழுவில் ஆலோசகராக இருந்த ஒருவரைக் கண்காணிக்க எஃப்.பி.ஐ. நீதிமன்றத்தில் கொடுத்த விண்ணப்பங்களில் 17 பெரும் பிழைகளும் மறைப்புகளும் இருந்ததாக நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2019இல் அறிக்கை அளித்தார். ஆனால் 2024 ஏப்ரலில் அதைச் சொல்லி, அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தையே ஒழிக்கச் சொன்னார் டிரம்ப். அப்போது நாடாளுமன்றத்தின் முன் இருந்தது அச்சட்டத்தின் 702ஆம் பிரிவு, அதாவது வெளிநாட்டில் உள்ள அயல்நாட்டவரின் தகவல் தொடர்புகளைத் தனித்தனி நீதிமன்ற ஆணை இல்லாமல் திரட்ட அனுமதிக்கும் பகுதி. அந்த ஆலோசகர் கண்காணிக்கப்பட்டதோ அதே சட்டத்தின் வேறொரு பகுதியின் கீழ்.

வாக்கெடுப்புகளைப் பார்த்தால் பிளவு வேறு இடத்தில் இருப்பது தெரியும். தொலைபேசி அழைப்புப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தும் திருத்தம் 2013 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 205–217 என்று தோற்றது. 94 குடியரசுக் கட்சியினரும் 111 ஜனநாயகக் கட்சியினரும் அதை ஆதரிக்க, வழக்கமாக வாக்களிக்காத அவைத்தலைவர் போய்னரும் எதிர்வரிசைத் தலைவி பெலோசியும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். 2024 ஏப்ரலில், 702ஆம் பிரிவில் சேர்ந்த தகவல்களுக்குள் அமெரிக்கர் ஒருவரைத் தேட நீதிமன்ற ஆணை வேண்டும் என்ற திருத்தம் 212–212 என்று சமமாகி, அதனாலேயே வீழ்ந்தது. அப்போதைய அவைத்தலைவர் ஜான்சனும் எதிர்த்தே வாக்களித்தார். ஒரே ஒரு வாக்கு!

கேள்வி: அப்படியானால் கட்சி பார்க்காமல் நின்றவர்களே இல்லையா?

பதில்: உண்டு. 2001இல், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அரசின் கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய 'பேட்ரியாட்' சட்டத்துக்கு எதிராக செனட்டில் விழுந்த ஒரே வாக்கு விஸ்கான்சினின் ரஸ் ஃபைன்கோல்டுடையது. ஓரிகனின் ரான் வைடன் செய்தது அதைவிடக் கடினம் என்பது என் கருத்து. 2013 மார்ச்சில், தம் கட்சி ஆட்சியிலேயே, கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தரவுகளைத் திரட்டுகிறீர்களா என்று உளவுத்துறை இயக்குநர் கிளாப்பரிடம் கேட்டார். கேள்வியை முந்தின நாளே அனுப்பியும் வைத்திருந்தார். 'இல்லை' என்றார் கிளாப்பர். மூன்றே மாதங்களில், தேசியப் பாதுகாப்பு முகமைக்காக ஒப்பந்தப் பணியாளராக வேலை பார்த்த ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வேறு பதிலைச் சொல்லின.