அருகிலிருந்தும் கண்ணில் படாத விண்மீன்

கேள்வி: 8.6 ஒளியாண்டு தொலைவில் உள்ள சிரியஸ் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. அதைவிட அருகில் உள்ளதாகச் சொல்லப்படும் பர்னார்டு விண்மீன் மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

பதில்: ஆல்ஃபா சென்டாரி தொகுதியின் மூன்று விண்மீன்களை விட்டால், சூரியனுக்கு மிக நெருக்கமானது பர்னார்டு விண்மீன்தான்; தொலைவு ஏறக்குறைய 6 ஒளியாண்டு. ஆனால் அது ஒரு சிவப்புக் குள்ளன்; அதாவது, சூரியனைவிடச் சிறிய, வெப்பம் குறைந்த விண்மீன். வெறும் கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான விண்மீனைவிடவும் சுமார் 25 மடங்கு மங்கலானது.

அதன் நிறை சூரியனுடைய நிறையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. நிறை குறைந்தால் மையத்தின் வெப்பமும் குறைகிறது. அணுக்கருப் பிணைவின் வேகம் வெப்பநிலையைப் பெரிதும் சார்ந்திருப்பதால், ஹைட்ரஜன் மிக நிதானமாகவே செலவாகிறது. எனவே சூரியன் உமிழும் ஆற்றலில் சுமார் 0.35 சதவீதத்தையே அது உமிழ்கிறது. மேற்பரப்பு வெப்பநிலையும் சுமார் 3,200 கெல்வின்தான் என்பதால், அந்தச் சொற்ப ஆற்றலிலும் பெரும்பகுதி நம் கண் காணாத அகச்சிவப்புக் கதிராகப் போய்விடுகிறது.

'குள்ளன்' என்ற பெயரைக் கேட்டு எளிதாக எண்ணிவிட வேண்டாம். அதன் விட்டம் வியாழனைப் போல் இரு மடங்குகூட இல்லை. நிறையோ சுமார் 170 வியாழன்களுக்குச் சமம். அதாவது, வாயு உருண்டையான அதன் சராசரி அடர்த்தி ஈயத்தைப் போல் மூன்று மடங்கு! உலைநீர் கொதிப்பதுபோல் அதன் உட்பகுதி முழுவதும் மேலும் கீழும் புரண்டு கலந்துகொண்டே இருப்பதால், மையத்தில் மட்டுமன்றி எல்லா இடத்திலும் உள்ள ஹைட்ரஜனும் எரிபொருளாகப் பயன்படுகிறது. சூரியனைவிட மூத்த விண்மீனாயினும், இன்னும் பல லட்சம் கோடி ஆண்டுகள் அதற்கு ஆயுள் உண்டு.

இவ்வளவு மங்கலான விண்மீனைக் காட்டிக்கொடுத்தது அதன் ஓட்டம். 1894இலும் 1916இலும் எடுத்த வான்படங்களை ஒப்பிட்ட அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டு, ஒரு புள்ளி மட்டும் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். முழுநிலவின் அகலத்தைச் சுமார் 175 ஆண்டுகளில் கடந்துவிடும் இந்த வேகம், வானில் வேறெந்த விண்மீனுக்கும் இல்லை. அதோடு நொடிக்கு 110 கிலோமீட்டர் வீதம் நம்மை நெருங்கியும் வருகிறது. கி.பி. 11,800 அளவில் 3.75 ஒளியாண்டு தொலைவுக்கு வந்துவிடும். அப்போதும் அதைப் பார்க்கத் தொலைநோக்கியோ இருகண்நோக்கியோ வேண்டும்.