பதில்: பிளவின் பிம்பம் சிவப்பு முனையில் வளைவது
சமதளக் கிரேட்டிங்கும் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு) இரண்டு குழியாடிகளும் வைத்த உங்கள் கியூப்சாட் (சிறு செயற்கைக்கோள்) நிறமாலைமானி வடிவமைப்பில், ஒளி நுழையும் குறுகிய பிளவின் பிம்பம் சிவப்பு முனையில் 3 பிக்சல் வளைகிறது என்கிறீர்கள். ஆடிகளை நகர்த்திப் பெரிய பயனிருக்காது. பிளவின் ஓரங்களிலிருந்து வரும் கதிர்கள் கிரேட்டிங்கில் சாய்ந்து விழுகின்றன. அலைநீளம் கூடக் கூட வளைவும் கூடும். மென்பொருளில் ஓரளவு நிமிர்த்தலாம்தான். ஆனால் கீஸ்டோனும் (அலைநீளத்துக்கேற்ப பிம்பத்தின் அளவு மாறும் பிழை) சேர்ந்திருந்தால் பக்கத்துப் பிக்சல்களின் நிறமாலை கலந்துவிடும், அதை அப்புறம் பிரிப்பது நடக்காத காரியம்.

இந்த இரண்டு பிழைகளும் குறைய ஆஃப்னர் அமைப்புக்கு மாறுங்கள்: ஏறக்குறைய ஒரே மையம் கொண்ட குழியாடிகள், நடுவில் குவிந்த கிரேட்டிங். 2008இல் சந்திரயான்-1இல் போன நாசாவின் எம்3 கருவியும் (நிலவின் கனிமங்களை வரைபடமாக்கிய நிறமாலைமானி) ஆஃப்னர் வகைதான். குவிபரப்பில் கோடு போடுவதுதான் செலவு. இன்னும் நிறைய ஒளி வேண்டுமென்றால் ஒளிவிலகல் கட்டி (தடித்த லென்ஸ்) வைத்த டைசன் அமைப்பைப் பாருங்கள். விண்வெளி நிலையத்தில் இருக்கும் நாசாவின் எமிட் நிறமாலைமானி எஃப்/1.8 டைசன் (எஃப் எண் குறைந்தால் ஒளி கூடும்). அதில் பிளவும் டிடெக்டரும் ஒளிவிலகல் கட்டிக்கு மிக நெருக்கமாக உட்காரும், அது தனித் தலைவலி.

உங்கள் பிளவு நீளமும் எஃப் எண்ணும் என்ன?