நெட் போனாலும் மெயில் கையில் இருக்க: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். பில், ஆர்டர் எல்லாம் ஜிமெயிலில்தான் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நெட் விட்டுவிட்டு வருவதால், பழைய பில்லைத் தேடினால் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மெயில் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்படி செய்ய முடியுமா? மொத்தம் 6 ஜிபி இருக்கிறது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருளே போதும். நிறுவியதும் பெயரையும் மெயில் முகவரியையும் கொடுங்கள். சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடிக்கும். மெயிலை இறக்க ஐமேப் (IMAP), பாப் (POP) என இரண்டு வழி காட்டினால் ஐமேப்பையே எடுங்கள். அப்போதுதான் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே நிலை இருக்கும். பிறகு கூகுள் லாகின் ஜன்னல் திறக்கும்.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான்: மெயில் வரும், அனுப்பினால் மட்டும் பாஸ்வேர்டு தவறு என்று சொல்லும். அக்கவுன்ட் செட்டிங்ஸில் உள்வரும் சர்வர், வெளிச்செல்லும் சர்வர் இரண்டிலும் அதென்டிகேஷன் மெத்தட் ‘ஓஆத்2’ (OAuth2, கூகுள் லாகின் மூலம் அனுமதி தரும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். போர்ட் எண் வரவுக்கு 993. அனுப்ப 465 அல்லது 587. ‘லெஸ் செக்யூர் ஆப்ஸ்’ஸை ஆன் செய்யச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள், கூகுள் அந்த வசதியையே எடுத்துவிட்டது.

அடுத்து ‘சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பக்கம். மெயில்களை இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். அங்கேயே ‘அட்வான்ஸ்டு’ பட்டனில் ஃபோல்டர் பட்டியல் வரும். ஜிமெயிலின் ‘ஆல் மெயில்’ ஃபோல்டரில் இன்பாக்ஸில் உள்ளவையும் மறுபடி இருக்கும். இரண்டையும் இறக்கினால் 6 ஜிபி ஏறக்குறைய இரட்டிப்பாகும். நீங்கள் ஆர்க்கைவ் செய்யும் (மெயிலை அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் விலக்கும்) பழக்கமில்லாதவர் என்றால் ‘ஆல் மெயில்’ டிக்கை எடுத்துவிடுங்கள். ஆர்க்கைவ் செய்பவர் எடுக்கக் கூடாது, அந்த மெயில்கள் அங்கே மட்டும்தான் இருக்கும்.

முதல் இறக்கத்தை மழைக்காலத்துக்கு முன்பே முடியுங்கள். ஐமேப் வழியாக ஜிமெயில் ஒரு நாளைக்கு 2,500 எம்பி வரைதான் இறக்க விடும். மீறினால் கணக்கைச் சிறிது நேரம் முடக்கும். ஆக உங்களுக்கு 3 நாள் பிடிக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்தால் அன்றைய டேட்டா அதோடு காலி. ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுபோவது மேல்.

நெட் இல்லாதபோது பழைய பில்லைத் தேடலாம், பதிலும் எழுதலாம். ‘ஒர்க் ஆஃப்லைன்’ போட்டுவிட்டு சென்ட் அழுத்தினால் மெயில் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். நெட் வந்ததும் அது கிளம்பிவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். லோடு ஏற்றும் நாளில் ஒரு இன்வாய்ஸ் அவுட்பாக்ஸிலேயே கிடந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். மெயிலோடு அனுப்பும் அட்டாச்மென்ட்டின் எல்லை 25 எம்பி என்றாலும், அனுப்பும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருப்பதால் 18 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரில் இறங்கிய பிறகு தனியாக பேக்கப் தேவையா? (கீழக்கரை வாசகி)

பதில்: அவசியம் தேவை. போனில் தவறுதலாக ஒரு மெயிலை அழித்தால் ஐமேப் அதைக் கம்ப்யூட்டரிலும் அழித்துவிடும். ‘ஹெல்ப்’ மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ போய் மெயில்கள் சேமிக்கப்படும் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்துகொள்ளுங்கள். பிறகு தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். திறந்தபடியே நகலெடுத்தால் ஃபைல் பாதியில் கெடலாம். இன்பாக்ஸ் முழுதும் ஒரே ஃபைலாக இருப்பதால், ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் அது 4 ஜிபியைத் தாண்டினால் நகல் ஏறாது. எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் வேண்டும். கடற்காற்றின் உப்பு யுஎஸ்பி முனையை அரிக்கும். டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள்.