நண்பருக்குத் துப்பாக்கியை இரவல் கொடுக்கலாமா?

கேள்வி: நிபோங் திபால் பக்கம் எனக்கு 6 ஏக்கர் செம்பனை இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக 12 போர் செனாப்பாங் பாத்தா (மடித்துத் திறக்கும் வேட்டைத் துப்பாக்கி) ஒன்று வைத்திருக்கிறேன். முறையான லைசென்ஸ் உண்டு, வருடா வருடம் புதுப்பிக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் 20 வருட நண்பர். அவர் புதிதாக நட்ட கன்றுகளைப் பன்றிகள் தோண்டிப் போடுகின்றன. "ஒரு வாரம் கொடு மச்சான்" என்று கேட்கிறார். அடுத்த மாதம் மூன்று வாரம் தமிழ்நாட்டுக்குப் போகிறேன், அப்போது அவரிடமே இருந்தால் பத்திரமாக இருக்கும் என்றும் தோன்றுகிறது. இரவல் கொடுப்பதில் தப்பில்லை என்று அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொல்கிறார். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதாதா?
– தெற்கு செபராங் பிறை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கும் வேண்டாம், ஒரு ராத்திரிக்கும் வேண்டாம்.

உங்கள் லைசென்ஸை எடுத்து ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். துப்பாக்கியின் வகையும் வரிசை எண்ணும் இருக்கும். துப்பாக்கியை மடித்துத் திறந்து, உலோகத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஆளிடம் இந்தத் துப்பாக்கி இருக்கலாம் என்பதுதான் அந்தத் தாள் தரும் அனுமதி. கார் சாவியை நீட்டுவது போல இதை நீட்ட முடியாது. காரை வாங்கிக்கொள்கிறவரிடம் அவருடைய சொந்த ஓட்டுநர் உரிமம் இருக்கும். உங்கள் நண்பரிடம் இதற்கென்று எந்தத் தாளும் இல்லை.

மலேசியாவின் 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3 ஆவது பிரிவு, உரிமம் இல்லாத ஒருவரின் உடைமையிலோ பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ ஆயுதம் இருக்கக்கூடாது என்கிறது. இந்த மூன்று சொற்களையும் கவனியுங்கள். "துப்பாக்கி அண்ணனுடையது, நான் சும்மா வைத்திருந்தேன்" என்று நண்பர் சொன்னால், உடைமை இல்லை என்று வாதாடலாம். ஆனால் பொறுப்பில் இருந்தது என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். நீங்கள் எழுதி வாங்க நினைக்கும் கையெழுத்துத் தாளும் அதே வேலையைத்தான் செய்யும். யார் கொடுத்தது, யார் வாங்கியது, எந்தத் தேதியில் என்று அரசுத் தரப்புக்கு நீங்களே தயாரித்துக் கொடுக்கும் சாட்சி அது.

குறுக்கு வழியாக மூன்று யோசனைகள் அடிக்கடி அடிபடும். துப்பாக்கியைக் கழற்றிக் குழலை மட்டும் கொடுப்பது ஒன்று. ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. தோட்டாவை மட்டும் கொடுப்பது இன்னொன்று. 3 ஆவது பிரிவு தோட்டாவையும் சேர்த்தே சொல்கிறது. "காற்றுத் துப்பாக்கிதானே, அதையாவது கொடுக்கலாமே" என்பது மூன்றாவது. காற்றுத் துப்பாக்கியின் பெயர் அந்த விளக்கத்தில் நேராகவே இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, பன்றியைச் சுடும்படி அவரிடம் சொன்னால் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். நீங்கள் நிற்பதால் உங்கள் லைசென்ஸ் அவர் கைக்கு நீளாது.

மாட்டினால் என்ன? ஆயுதச் சட்டத்தின் 8 ஆவது பிரிவில் வழக்கு வந்தால் 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டுவதற்கென்றே 1971 இல் வந்த சட்டமும் இருக்கிறது. அதன் 8 ஆவது பிரிவில் 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும். எந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டுவது என்பதை அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான் முடிவு செய்வார், உங்கள் நண்பருடைய நல்ல குணம் அல்ல. 50 வயதைத் தாண்டிய ஆணுக்குப் பிரம்படி பொதுவாகக் கிடையாது, ஆனால் சிறை உண்டு. கொடுத்தவர் தப்பித்துக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம். தண்டனைச் சட்டத்தின் 109 ஆவது பிரிவில், உடந்தையாக இருந்தவருக்கும் குற்றம் செய்தவருக்குள்ள தண்டனைதான். லைசென்ஸும் பறிபோகும். பன்றியை விரட்டப் போய்ப் பேரனுக்குக் கேஸ் கதை சொல்லும் நிலை வேண்டாமே.

அமெரிக்க உறவினர் பொய் சொல்லவில்லை. அங்கே கூட்டரசுச் சட்டம், வேட்டை போன்ற சட்டப்படியான விளையாட்டுக்குத் தற்காலிகமாக இரவல் கொடுக்க இடம் தருகிறது. அதற்கும் மேல் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விதி வைத்திருக்கிறது. பிரிட்டனிலும் ஷாட்கன் சான்றிதழ் உள்ள ஒருவர், சான்றிதழ் உள்ள இன்னொருவருக்கு 72 மணி நேரம் வரை, போலீசுக்குத் தெரிவிக்காமலேயே இரவல் கொடுக்கலாம். இணையத்தில் தேடினால் இந்த இரண்டு நாட்டுப் பக்கங்கள்தான் முதலில் வந்து நிற்கும். நம்மவர்கள் ஏமாறுவதும் அங்கேதான். பிரிட்டனில்கூட வாங்குகிறவரிடம் சொந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பதைப் பாதிப் பேர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

அப்படியானால் நேர் வழி என்ன? நம் நாட்டில் இரண்டு வகைத் தாள் உண்டு. ஒன்று ஆயுதத்தை வைத்திருப்பதற்கான உரிமம், மற்றொன்று எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் தரும் பெர்மிட். பாதுகாவலர்களைப் பாருங்கள். துப்பாக்கிக்கான உரிமம் நிறுவனத்திடம் இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறவரிடம் அவர் பேருக்குத் தனிப் பெர்மிட் இருக்கும். முதலாளி நம்புகிறார் என்பதற்காக யாரும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை. உங்கள் நண்பர் தன் பெயரில் விண்ணப்பிக்கட்டும். மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் மேசைக்கு நிலப் பட்டா, அடையாள அட்டை, பன்றி நாசம் செய்த இடத்தின் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகட்டும். படங்கள் தேதியோடு இருந்தால் நல்லது. பக்கத்துத் தோட்டக்காரர்களும் புகார் கொடுத்திருந்தால் அந்தப் புகார் எண்களையும் சேர்க்கலாம். முடிவு மாநிலப் போலீஸ் தலைவரின் கையில், அதனால் இரண்டு நாளில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

துப்பாக்கித் தாள் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. காட்டுப்பன்றியைச் சுடுவது 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விஷயம், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தையும் பார்க்க வேண்டும். போலீஸ் உரிமம் துப்பாக்கிக்கு, பெர்ஹிலித்தான் அனுமதி விலங்குக்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அதனால் அவர் நிலத்துக்கு நீங்களே போய்ச் சுட்டுத் தரலாம் என்று நினைத்தாலும், உங்கள் லைசென்ஸில் எந்த இடத்துக்கு என்று நிபந்தனை இருக்கிறதா என முதலில் பாருங்கள். உங்கள் நிலத்தோடு முடிந்தால் வேலியைத் தாண்டக்கூடாது. அதுவரை கன்றுகளைக் காப்பாற்றக் கம்பி வேலியும் ஆள் காவலும்தான் வழி. செலவுதான், ஆனால் வக்கீல் செலவைவிடக் குறைவு.

அடுத்து உங்கள் பயணம். மூன்று வாரம் பூட்டிய வீட்டில் துப்பாக்கியை விட்டுப் போவதும் புத்திசாலித்தனமல்ல. பீரோ சாவி இருக்கும் இடம் வீட்டுக்காரியம்மாவுக்கும் மகனுக்கும் தெரியும் என்றால், பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடும். விமானத்துக்கு ஒரு வாரம் முன்பாகவே உங்கள் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போய்ப் பாதுகாப்பில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம் வைக்கும் வழியையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். துப்பாக்கியைத் தோட்டா நிரப்பாமல், உறையில் வைத்து, அசல் லைசென்ஸோடு நேராக அங்கே கொண்டு போங்கள். வழியில் காப்பிக் கடையில் இறங்க வேண்டாம். தோட்டாக்களை வீட்டிலேயே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததும் துப்பாக்கியின் வரிசை எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் ரசீதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் உடனே திருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு அதற்காக அலைய வேண்டியிருக்கும்.

ஒரு வேளை இந்தப் பதில் அச்சாவதற்குள் துப்பாக்கி நண்பர் வீட்டுக்குப் போய்விட்டது என்றால், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் காரில் திருப்பிக் கொண்டு வரச் சொல்லாதீர்கள். சாலையில் போலீஸ் தடுப்பு ஒன்று இருந்தால் போதும். அவர் சுடவும் வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். அன்றைக்கே குற்ற வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். போலீசிடம் எப்படி, யார் முதலில் பேசுவது என்பதை அவர் சொல்லட்டும்.