18 வயதாகும் மகனுக்குப் பாதுகாப்பாக பைக் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

உங்கள் மகனுக்கு 18 ஆகப் போகிறது, பைக் வேண்டும் என்கிறான், நீங்களே சொல்லிக்கொடுக்கலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நீங்களே சொல்லிக்கொடுங்கள். என் அக்கா மகளுக்கும் அப்புறம் என் மகனுக்கும் விழுப்புரத்தில் நான்தான் கற்றுக்கொடுத்தேன். கிளட்ச் விட்டு, கியர் மாற்றி வண்டியை நகர்த்துவதை எந்தப் பிள்ளையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் கூட இருந்து சொல்லித்தர வேண்டியவை ரோட்டைப் பார்ப்பதும் வண்டியை நிறுத்துவதும்தான். நம் வீடுகளில் இந்த இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 18 முடியும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்குள் உள்ள, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். கடையில் வழக்கமாக விற்கும் பெட்ரோல் வண்டிகள் எல்லாம் அதற்கு மேல். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 ஆனதும் எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போடுங்கள். அது 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். ஆர்டிஓ ஆபீஸில் 8 போட்டுக் காட்டிவிட்டால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று ஆகாது. அவசரப்படாமல் அந்த ஆறு மாதத்தையும் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்டில்பாரைக் கொடுப்பதற்கு முன்பே ஒரு வேலையைத் தொடங்கிவிடலாம். எங்கே போனாலும் அவனுக்கும் ஹெல்மெட் போட்டுப் பின்னால் உட்காரவைத்து, முன்னால் தெரிவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். என் அக்கா மகள் முதலில் "பஸ், ஆட்டோ, மாடு" என்று பார்ப்பதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்தாள். "அது என்ன செய்யப் போகுதுன்னு சொல்லும்மா" என்றேன். கொஞ்ச நாளில், நான்கு முனை சந்திப்புப் பக்கம் போகும்போது, "மாமா, அந்த ஆட்டோ வெளியே எடுக்கப் போறாரு" என்றாள். ஓரமாக நின்ற ஆட்டோதான், இன்டிகேட்டர் கூடப் போடவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "முன் சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. இந்தக் கண் வந்த பிறகுதான் வண்டியைத் தர வேண்டும். டவுன் பஸ் நின்றால் அதன் முன்பக்கத்திலிருந்து ஆள் குறுக்கே வருவார், நிற்கும் காரில் ஆள் தெரிந்தால் கதவு திறக்கும், ஒரு நாய் ஓடினால் பின்னாலேயே இன்னொன்று வரும். இதையெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது பிரேக். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்லிக்கொடுப்பது பெரிய கெடுதல். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் அழுத்தமாக நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பின் சக்கரத்தில் எடை குறைந்துவிடுவதால், பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் லாக் ஆகி வண்டி வால் அடிக்கும். பயந்து வளர்ந்த பையன் நிஜமான அவசரத்தில் அதைத்தான் செய்வான்.

காய்ந்த, மணல் இல்லாத, கெட்டியான மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு செங்கல்லை அடையாளமாக வையுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஹேண்டில்பார் நேராக இருக்க, செங்கல் அருகே வந்ததும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் லிவரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் லேசாகப் பிடித்தால் முன்பக்கம் கொஞ்சம் அமுங்கும். அமுங்கிய பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கண் செங்கல்லைப் பார்க்காமல் எதிரே தூரத்தில் இருக்கட்டும். நின்ற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். 20 கைக்கு வந்ததும் 30, அப்புறம் 40. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். நீங்கள் வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவான், அந்தக் கோடுகளுக்கு நடுவே அவனையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். 40இல் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும், கை லிவருக்குப் போவதற்கு முன்பே அவ்வளவு தூரம் போய்விடலாம் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

வளைவிலும் ஜல்லியிலும் மழை ஈரத்திலும் இந்த அழுத்தம் ஆகாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெய் மேலே வந்து வழுக்கும்.

வண்டியைப் பொறுத்தவரை 100 அல்லது 125 சிசி போதும். பிள்ளை 200 சிசி கேட்பான், விட்டுக்கொடுக்காதீர்கள். கால் இரண்டும் தரையில் பதிய வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் காப்பது) கட்டாயம். 125 சிசி வரை உள்ளவற்றுக்கு அப்போது வந்த விதி, சிபிஎஸ்ஸாவது (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிப்பது) இருக்க வேண்டும் என்பது. ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால், அது வேலை செய்யும்போது லிவர் அதிரும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாத பிள்ளை பயந்து கையை எடுத்துவிடும்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள முழு முகம் மூடுவதாக இருக்கட்டும். போட்டால் கன்னம் அமுங்க வேண்டும், தலையை ஆட்டினால் தனியாக ஆடக் கூடாது. பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று போகும். அக்கா மகளுக்கு இன்னொன்றும் சொன்னேன்: துப்பட்டாவை முடிந்து சட்டைக்குள் விட்டுக்கொள்ளாமல் வண்டியில் ஏறக் கூடாது.

இரவு ஓட்டத்தைக் கடைசியாக வையுங்கள். எங்கள் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் பின்னால் விளக்கே இல்லாமல் போகும். எதிரே வருபவர் ஹை பீம் அடித்தால் கண் இருட்டி, பக்கத்தில் போன பிறகுதான் கரும்பே தெரியும். எதிர் விளக்கைப் பார்க்காமல் இடது ஓரக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து ஓட்டப் பழக்குங்கள்.

எல்எல்ஆர் காலத்தில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பது விதி. லைசென்ஸ் வந்த பிறகும் சில மாதம் அதையே வீட்டு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகும்போது நிதானமாக ஓட்டும் பையன், நண்பன் பின்னால் உட்கார்ந்து "முறுக்குடா" என்றால் முறுக்கிவிடுவான். டிரிப்பிள்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெற்றோர் நம் பங்குக்குச் செய்ய வேண்டியது போன் விஷயம். பிள்ளை கிளம்பிய பத்தாவது நிமிடம் "எங்கடா இருக்கே?" என்று கூப்பிடுவது நாம்தான். அவன் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பதில் சொல்வான். ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும், அம்மாவே ஆனாலும், எடுக்கக் கூடாது, அதற்காக வீட்டில் ஒருவரும் திட்ட மாட்டோம் என்று முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். கிளம்பும்போது எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் தாண்டி கால் மணி நேரம் கழித்து வேண்டுமானால் கூப்பிடுங்கள்.