எத்தியோப்பியாவிலிருந்து வந்திருக்கும் தம்பிமார்: கேளுங்கள், சொல்கிறேன்

எங்கள் சபைக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எத்தியோப்பிய மாணவர்கள் சிலர் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்திருக்கிறார்கள். நான் அந்த நாட்டில் ஆறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அது தெரிந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன.

அங்கிள், எங்க ஹாஸ்டல்ல ஒரு எத்தியோப்பிய அண்ணா இருக்காங்க. அவங்களுக்கு எப்படி சுவிசேஷம் சொல்றது? (கல்லூரி மாணவர்)

முதலில் நீ அவரிடம் கேள், தம்பி. நான்காம் நூற்றாண்டிலேயே அவர்கள் நாட்டின் பழைய அக்சும் அரசை ஆண்ட எசானா கிறிஸ்தவன் ஆகிவிட்டான். தீருவைச் சேர்ந்த ஃப்ருமென்டியுஸ் என்பவர் இளவயதில் சிறைப்பட்டு அந்த அரண்மனைக்குப் போனவர். பிறகு அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் கையால் ஆயராகி அதே ஊருக்குத் திரும்பினார். எசானாவின் பழைய காசுகளில் பிறைநிலா இருக்கும், பிந்திய காசுகளில் சிலுவை. நம் ஊர் சபைகளில் பாதிக்கு 200 வயதுகூட ஆகவில்லை. கையில் துண்டுப்பிரதியோடு போனாயானால் அவர் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரி இந்த நாட்டுக்காரர்தானே? (ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை)

அவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள், டீச்சர். ஆனால் அந்த மந்திரியின் அரசிக்கு வேதம் சொல்லும் 'கந்தாகே' என்பது மெரோவே நாட்டு அரசியருக்கான பட்டம். மெரோவே இன்றைய சூடானில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எகிப்துக்குத் தெற்கே உள்ள தேசத்தையெல்லாம் கிரேக்கர்கள் எத்தியோப்பியா என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், வந்திருக்கும் மாணவரிடம் மட்டும் வாதாட வேண்டாம்.

கிறிஸ்மஸ் அன்று வீட்டுக்குக் கூப்பிட்டு மட்டன் பிரியாணி, கேக் எல்லாம் வைத்தோம். ஒரு தம்பி வெறும் ஊறுகாயும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது, ஐயா. (சபையார் ஒருவர்)

கோபம் ஒன்றும் இருக்காதம்மா, அவர் உபவாசத்தில் இருந்திருப்பார். அவர்களுக்குக் கிறிஸ்மஸ் ஜனவரி 7. அதற்கு முன் நாற்பது நாளுக்கு மேல் நோன்பு, நம் டிசம்பர் 25 அதன் நடுவில் விழுகிறது. இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய், நெய் எதுவும் கூடாது. கேக்கில் முட்டையும் வெண்ணெயும் உண்டே! இது தவிர வருடம் முழுக்கப் புதன், வெள்ளி நோன்பு, ஈஸ்டருக்கு முன் 55 நாள். கூட்டிப் பார்த்தால் வருடத்தில் பாதிக்கும் மேல் வந்துவிடும். நாம் லெந்து நாட்களில் கறியை விடுவதற்கே எவ்வளவு பாடுபடுகிறோம்! அடுத்த முறை இட்லியும் நெய் விடாத சாம்பாரும் வையுங்கள். புளித்த மாவில் சுட்ட இன்ஜெரா தின்று வளர்ந்த பிள்ளைக்கு நம் தோசையும் ஆப்பமும் புதிதாகத் தெரியாது.

காலை ஒன்பது மணி ஜெபக் கூட்டத்துக்கு வரச் சொன்னேன். "மூன்று மணிக்கா?" என்று கேட்கிறார். விளையாடுகிறாரா? (வாலிபர் ஐக்கியச் செயலாளர்)

இல்லை பிரதர், சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அவர்கள் கணக்கில் சூரியன் உதிப்பதிலிருந்துதான் மணி ஓடும். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று, ஒன்பது மூன்று. கர்த்தர் சிலுவையில் இருந்தபோது ஆறாம் மணி நேரமுதல் அந்தகாரம் உண்டாயிற்று என்று வாசிக்கிறோமே, நாம் விளக்கம் சொல்லிப் புரியவைக்கும் அந்தக் கணக்கு அவர்களுக்குத் தினப்படி வழக்கம். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம், வருடக் கணக்கும் நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால். வந்த புதிதில் நானே வகுப்புக்கு ஒரு நாள் ஆறு மணி நேரம் பிந்திப் போயிருக்கிறேன்.

அவர் பெயரின் இரண்டாம் பகுதி குடும்பப் பெயரா?

அப்பா பெயர். நம் இனிஷியல் மாதிரியேதான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்பாவைக் கூப்பிட்டது போலாகும்.

இரண்டு மாணவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து ஜெபிக்க மாட்டேன் என்கிறார்கள். ஒரே நாடு, ஒரே கிறிஸ்து! (ஐயர் அம்மா)

ஒருவர் அந்தப் பழைய சபையான ஆர்த்தடாக்ஸ், மற்றவர் 'பெந்தே' என்று அங்கே சொல்லப்படும் புராட்டஸ்டண்டாக இருக்கலாம். 2007 கணக்கெடுப்பில் ஆர்த்தடாக்ஸ் 43.5 சதவீதம், புராட்டஸ்டண்ட் 18.6, முஸ்லிம்கள் 33.9. ஒரே வீட்டுக்குள்ளேயே பிரிவு உண்டு, மனஸ்தாபமும் உண்டு. ஆனால் 1974-க்குப் பின் வந்த ராணுவ ஆட்சி பேதம் பார்க்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் தலைவர் தெயோபிலோஸைக் கொன்றது. மேகானே இயேசுஸ் என்னும் லூத்தரன் சபையின் பொதுச் செயலர் குதினா தும்சாவும் 1979-இல் கொல்லப்பட்டார். இரண்டு தம்பிகளையும் நீங்கள் சமாதானம் பண்ணி வைக்க வேண்டியதில்லை அம்மா. தனித்தனியாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், போதும்.

அங்கே நடந்த சண்டையைப் பற்றிக் கேட்கலாமா?

நாட்டின் வடக்கே டிக்ராய் பகுதியில் நடந்த போர் 2020 நவம்பரில் தொடங்கி 2022 நவம்பர் ஒப்பந்தத்தோடு நின்றது. யார் வீட்டில் யார் போனார்கள் என்று நமக்குத் தெரியாது. "நீங்கள் எந்த இனம்?" என்பதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரியுங்கள். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

காபி குடிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கொண்டுபோவது?

கொஞ்சம் பழம் போதும். அவசரத்தோடு மட்டும் போகாதீர்கள். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, சாம்பிராணிப் புகையோடு மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பெயர் 'பரக்கா', ஆசீர்வாதம் என்று அர்த்தம். அதற்கு முன் எழுந்துவிடக் கூடாது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.