ஒன்றரை லட்சம் பேர் உள்ள எங்கள் ஊருக்கு ட்ரேடர் ஜோஸ் ஏன் வரவில்லை?

அமெரிக்க மளிகைக் கடைத் தொடரான ட்ரேடர் ஜோஸ், நியூயார்க் மாநிலத்தின் சின்னஞ்சிறு இத்தாக்காவுக்கே வந்துவிட்டதே, எங்களுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டிருக்கிறீர்கள். இவர்கள் தலையை எண்ணிக் கடை போடுவதில்லை. இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நிறுவனர் ஜோ கூலோம்ப் 1967-இல் பாசடீனாவில் முதல் கடையைத் திறந்தபோதே, நிறையப் படித்துவிட்டுக் குறைவாகச் சம்பளம் வாங்குகிறவர்களைத்தான் குறிவைத்தார்: ஆசிரியர்கள், இசைக் கலைஞர்கள், பத்திரிகைக்காரர்கள். இன்னொரு மளிகைத் தொடரான ஹோல் ஃபுட்ஸ் தன் கணக்கை ஒளிக்காமல் எழுதியே வைத்திருந்தது: 20 நிமிடக் கார் தூரத்துக்குள் 2 லட்சம் பேர், அதில் பட்டதாரிகள் ஏராளம், 25,000 முதல் 50,000 சதுர அடி இடம்.

ட்ரேடர் ஜோஸுக்கு 10,000 – 15,000 சதுர அடி போதும். சரக்கும் சுமார் 4,000 வகைதான். வழக்கமான சூப்பர் மார்க்கெட்டில் 30,000-க்கு மேல். அப்படியானால் சின்ன ஊருக்குச் சுலபமாக வரலாமே என்று தோன்றும். லாரியில்தான் சிக்கல்.

மற்ற கடைகளுக்கு சிப்ஸ், ரொட்டி, கோலா எல்லாம் அந்தந்தக் கம்பெனி வண்டியே கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போகும். ட்ரேடர் ஜோஸில் பெரும்பாலானவை தன் பெயரிலேயே விற்கும் சொந்த லேபிள் சரக்கு. உள்ளூர் மொத்த வியாபாரியிடம் கிடைக்காது, கம்பெனிக் கிடங்கிலிருந்துதான் வரவேண்டும். அமெரிக்கச் சட்டப்படி டிரைவர் ஒரு ஷிப்டில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. பிறகு 10 மணி நேர ஓய்வு. கிடங்கு 250 மைலுக்குள் இருந்தால் ஒரே நாளில் போய் இறக்கிவிட்டுத் திரும்பலாம். அதைத் தாண்டினால் டிரைவர் ஓய்வெடுக்க வண்டி வழியில் நின்றுவிடும். 53 அடி டிரெய்லரில் 26 பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) ஏறும். பாதி காலியாகப் போனாலும் டிரைவர் சம்பளம் அதேதான், டீசலும் பெரிதாகக் குறையாது. வழியில் வேறு கிளை இல்லாமல் உங்கள் ஒரு கடைக்காக மட்டும் வண்டி போனால் தினமும் அனுப்ப மாட்டார்கள், வாரம் இருமுறைதான். கீரை சாலட் பாக்கெட்டுக்கு 7 நாள் ஆயுள் என்றால் 3 நாள் கிடங்கிலேயே கரைந்துவிடும்.

மளிகை வியாபாரத்தில் நிகர லாபம் நூற்றுக்கு இரண்டு டாலர் போல. 4 டாலர் பாக்கெட்டின் கொள்முதல் விலை 2.80 என்று வையுங்கள். விற்றால், வாடகை, சம்பளம் எல்லாம் போக மிஞ்சுவது 8 சென்ட். ஒன்றைக் குப்பையில் போட்டால் ஈடுகட்ட இன்னும் 35 விற்கவேண்டும். சின்ன ஊரில் கடை தோற்க இப்படி வீணாவதும் ஒரு காரணம்.

உங்கள் ஊர் தேறுமா என்று நீங்களே பார்க்கலாம். சென்சஸ் தளத்தில் பட்டதாரி விகிதத்தைப் பாருங்கள். பிறகு வரைபடத்தில் மிக அருகிலுள்ள கிளையைக் குறித்து, கிடங்கிலிருந்து அங்கே வரும் லாரிக்கு உங்கள் ஊர் வழியில் இருக்கிறதா என்று பாருங்கள். அண்டை நகரத்துக்குக் கடை வந்தால் பொறாமைப்படாதீர்கள், 26 பேலட்டைப் பங்கிட ஆள் கிடைத்திருக்கிறது. 'எங்கள் ஊருக்கு வாருங்கள்' என்று கம்பெனி தளத்தில் ஒரு படிவம் உண்டு, நிரப்புங்கள், காசா பணமா. ஆனால் காலியான 12,000 சதுர அடிக் கட்டடம் ஒன்றின் உரிமையாளரை அவர்களிடம் பேசவைத்தால் அதைவிடப் பலன் இருக்கும். பார்க்கிங் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அந்தக் கடை வாசலில் இடம் தேடிச் சுற்றியவர்களுக்குக் காரணம் தெரியும்.